துருவின் நிறம் கேட்டவனுக்கு

மச்சான்,

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் இன்று குமணன்சாவடியில் பஸ் மாற இறங்கினேன். பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வேனை நிறுத்தி, கண்ணாடிகளில் பேப்பர் ஒட்டி, ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் வாசனை வந்தது. அத்தனை கூட்டத்திலும் ஹாரன் சத்தத்திலும் நீ எனக்குப் பின்னால் வந்து நின்றதுபோல இருந்தது. உன் சட்டை, உன் கை, உன் பைக் சீட்டு, உன் மாடி அறை, எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். உன் வீட்டுச் சாம்பாரில்கூட தின்னர் அடிக்கிறது என்று நான் கிண்டல் செய்வேன். உன் மனைவி கரண்டியைக் காட்டி மிரட்டுவார்.

இரண்டு ஆவடி பஸ்களை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். மூன்றாவதில் ஏறும்போது எனக்குக் கோபம் வந்துவிட்டிருந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் இப்படித்தான். உன் ஞாபகம் வந்தால் முதலில் மனசு மலர்ந்துவிடுகிறது, அடுத்த நிமிஷம் உன்னோடு சண்டை பிடிக்கத் தோன்றுகிறது. அதை உன்னிடமே சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளானூரில் உன் தாத்தாவின் நிலத்தில் என் அப்பாவும் அம்மாவும் நடவுக்குப் போனவர்கள். அந்த நிலமெல்லாம் மனைகளாகக் கல் நட்டபோது, உன் வீட்டை ஒட்டிய மனையை எனக்குத்தான் கொடுப்பேன் என்று நீ பிடிவாதமாக நின்றாய். உன் சித்தப்பா முகத்தைச் சுளித்தார். "என் பக்கத்து ஊட்ல யாரு இருக்கணும்னு நான்தான் சொல்லுவேன் சித்தப்பா" என்று தெருவில் நின்று சொன்னாய். என் காதில் விழ வேண்டும் என்றே உரக்கச் சொன்னாய். அன்றிலிருந்து நீ எனக்கு மச்சான், நான் உனக்கு மச்சான். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்றுதான்.

நான் மின்சார ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ பூந்தமல்லி சாலையில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் பெயிண்டர். கலர் மேட்ச் பண்ணுவதில் உன்னை மிஞ்ச அந்தச் சாலையில் ஆள் இல்லை. வெயிலில் வெளுத்துப்போன பஸ்ஸின் ஒரு தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், நாலு டப்பாவைத் திறந்து, ஒரு குச்சியால் கலக்கி, அந்த வெளுப்பையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுவாய்.

என் மகனுக்கு வாங்கிய பொம்மை ரயிலில்தான் எல்லாம் தொடங்கியது. அவன் இரண்டே வாரத்தில் அதை மறந்துவிட்டான். நீ ஒருநாள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "மச்சான், சக்கரம் இன்னா ஸ்பூன் மாதிரி மின்னுது? நீ ஓட்டுற வண்டி இப்டியா கீது?" என்றாய். அப்படி இல்லை என்றேன். "அப்ப எப்டி கீது, சொல்லு" என்றாய். சொல்ல முயன்றேன். வாயில் வரவில்லை. பழுப்பு என்றேன், கறுப்பு என்றேன், துரு என்றேன். நீ சிரித்தாய். "துருன்னா ஒரு கலரா? அதுல நாப்பது கீது" என்றாய்.

உன் மாடியில் ஷீட் போட்ட அறையில் பொம்மை ரயில் ஓடப் பலகை அடித்தோம். அன்னனூர் ஸ்டேஷனைத்தான் செய்வது என்று முடிவாயிற்று. இரண்டு மெயின் லைன், வண்டியை ஒதுக்கி நிறுத்த ஒரு சைடிங், பிளாட்பாரத்தில் ஒரு முனை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நான் மதிலைத் தாண்டி வந்துவிடுவேன். எதற்கு இந்த வயதில் இந்த விளையாட்டு என்று என் மனைவி மல்லிகா கேட்டபோது நீ அவளிடம் சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடிக்கும்: "இருபத்தஞ்சு வருஷமா பளபளன்னு அடிச்சு அடிச்சு அலுத்துப்போச்சும்மா. ஒரு தடவையாவது அழுக்கு அடிக்கணும்."

அழுக்கு அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பொம்மைத் தண்டவாளம் வெள்ளி மாதிரி மின்னும். அதன் பக்கவாட்டில் மட்டும் நிறம் ஏற்ற வேண்டும். மேல்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் ஏறாது. நான் முதலில் ரெட் ஆக்சைடு வாங்கிவந்தேன். துரு என்றால் சிவப்புதானே என்று நினைத்தேன். "இது ஊட்டு கேட்டுக்கு அடிக்கிறது" என்று டப்பாவை மூலையில் வைத்துவிட்டாய். மெயின் லைனில் ஓடுகிற தண்டவாளம் சாக்லேட் நிறத்தில் கொஞ்சம் கறுப்பு கலந்தது. வண்டி அதிகம் வராத சைடிங்கில் ஆரஞ்சு ஏறும். பிளாட்பாரத்தில் வண்டி வந்து நிற்கிற முனையில், பிரேக் தேய்ந்து தேய்ந்து விழும் இரும்புத் தூள் ஜல்லி மீதெல்லாம் படிந்து அங்கே வேறொரு பழுப்பு. சக்கரத்தின் விளிம்பு வெள்ளையாக இருக்கும், முகம் தூசி நிறம், அச்சுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறுப்பு. தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கு நீ ஆறிப்போன டீ டிகாஷனைத் தடவினாய். நான் தினம் பார்த்துக்கொண்டே போனதை, இத்தனை வருஷம் பார்க்கவே இல்லை என்று உன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபோது தெரிந்தது.

ஒருநாள் நிஜ நிறத்தை ஒத்துப் பார்க்க வேண்டும் என்று அன்னனூர் பிளாட்பார ஓரத்தில் குந்திக்கொண்டு, கலர் அடித்த சின்னத் தகடுகளைத் தண்டவாளத்தை நோக்கி நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார்.

"இன்னா சார் பண்றீங்க இங்க?"

"துரு பாக்குறோம் சார்" என்றாய் நீ, தலையைத் திருப்பாமல்.

"எதுக்கு?"

"ஊட்டுக்கு."

நான் என் அடையாள அட்டையைக் காட்டியிராவிட்டால் அன்று இரண்டு பேரையும் உட்கார வைத்திருப்பார்கள். பைக்கில் திரும்பும்போது திருமுல்லைவாயில் வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

நம் ஏற்பாடு எளிமையானது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்த கண் என்னுடையது, கலக்குகிற கை உன்னுடையது. நீ ஒரே மாதிரித் துண்டுகளில் நாலைந்து கலவைகளை அடித்து வரிசையாக வைப்பாய். "எது மச்சான்?" என்பாய். நான் ஒன்றைத் தொடுவேன். முதல் இரண்டு வருஷம் நான் தொட்டதையே நீயும் மனதில் வைத்திருப்பாய். "சரியான கண்ணுடா உனக்கு" என்று தலையில் தட்டுவாய்.

மூன்றாவது வருஷம் ஒரு ஞாயிறு, சைடிங்குக்கு நிறம் கேட்டாய். தொட்டேன். நீ என்னைப் பார்த்தாய்.

"இன்னா மச்சான், பாசி புடிச்ச தண்டவாளமா? அது பச்சடா."

"வெளிச்சம் சரியா இல்ல" என்றேன்.

"கண்ணாடி மாத்தணும் போல கீது. டாக்டராண்ட ஒருதபா போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு நீ வேறு துண்டை எடுத்தாய். நானும் சிரித்தேன்.

வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. உன்னிடம் அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். அதற்கு ஏழெட்டு மாதம் முன்பே எனக்குத் தெரியும். மல்லிகாவின் மெரூன் புடவையும் கரும்பச்சைப் புடவையும் கொடியில் ஒன்றாகத் தெரிந்தன. ரயில் சிக்னலில் சிவப்பு எப்போதும் அடியில் இருக்கும். எந்த விளக்கு எரிகிறது என்று இடத்தை வைத்துப் படித்துக்கொண்டேன். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். எதை வைத்து அப்படி நினைத்தேன் என்று கேட்காதே. வண்டி ஓட்டுகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் இல்லை. நடவு நட்ட வீட்டுப் பையன் ஒன்பது பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறான் என்று என் அப்பா ஆவடி பிளாட்பாரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்.

பிறகுதான் சக்கரங்கள் வந்தன. ஒரு ஞாயிறு நீ ஒரு அட்டைப் பெட்டியில் பன்னிரண்டு சக்கர ஜோடிகளைக் கொண்டுவந்தாய். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறம் அடித்திருந்தாய். "கூட்ஸ் வண்டிக்கு செய்யலாம் மச்சான். எது புதுத் துரு, எது பழசு, எது கிரீஸ், பிரிச்சு வை" என்றாய். நான் பிரித்தேன். நீ நோட்டில் ஏதோ எழுதினாய். கலவைக் கணக்கு என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அதே பெட்டி, வேறு வரிசை. அதற்கடுத்த ஞாயிறும். ஆறு ஞாயிறுகள். உன் மனைவி டீ கொண்டுவருவார், நீ பிஸ்கட்டை எனக்கு நகர்த்துவாய், "இது?" என்பாய், நான் சொல்வேன், "ம்" என்பாய். ஒருமுறை நான் ஒன்றை எடுத்து, "இதான்டா துரு, இதையே அடி" என்று உறுதியாகச் சொன்னேன். நீ பேனாவைக் கீழே வைத்தாய். ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாய். தின்னர் நெடி என்று நினைத்தேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஸ்பெஷல் மெடிக்கலுக்கு வரச்சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. நிறப் பார்வையைச் சோதிக்கும் புள்ளிப் புள்ளியான புத்தகத்தைத் திறந்தார்கள். எண்ணைப் படி என்றார்கள். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. முன்பு சாப்பிட்ட ஏதோ மாத்திரையாக இருக்கலாம், நரம்பாக இருக்கலாம் என்றார் டாக்டர். திரும்பி வருவது கஷ்டம் என்றும் சொன்னார். அன்று மாலையே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஓட்டுநர்களுக்கு டியூட்டி போடும் அறையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நேற்று வரை என்னோடு வண்டி ஓட்டியவர்கள் வந்து என் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டிக்குப் போனார்கள்.

அன்று உன்னிடம்தான் முதலில் வந்தேன். உன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். அதைத்தான் மச்சான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. தடவிக்கொடுத்தாய்.

பத்து நாள் கழித்து, வேலை மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட ஃபைலை என் பக்கம் திருப்பினார்கள். உத்தரவுக்குக் கீழே ஒரு கடிதம் கோத்திருந்தது. பெயர் இல்லை. "இப்படிக்கு, ஒரு பயணி" என்று இருந்தது. அதோடு ஒரு தாள், கட்டம் போட்டது.

சக்கரம் 3: பச்சை கலந்த பழுப்பு. புதுத் துரு என்றார்.

சக்கரம் 7: சிவப்பு. பழைய கிரீஸ் என்றார்.

சக்கரம் 9: இலைப்பச்சை. இதுதான் சரியான துரு என்றார்.

மூன்று வருஷமாக டப்பா மூடிகளில் பார்த்த கையெழுத்து. சுழி பெரிதாகப் போடும் உன் 'ழ'. ஆனால் என்னைக் குத்தியது அது இல்லை. என்றார், என்றார், என்றார். உன் தாத்தா, உன் அப்பா, உன் சித்தப்பா, உங்கள் வீட்டில் யாரும் என் அப்பாவை 'அவர்' என்று சொன்னதில்லை. உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த மரியாதை அந்தத் தாளில்தான் வந்தது. நீ என்னை மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டே, நோட்டில் அவராக்கி வைத்திருந்தாய்.

நேராக உன் மாடிக்கு வந்தேன். நீ பலகைக்கு முன்னால் இருந்தாய்.

"நீதான எழுதுன?"

பிரஷ்ஷைக் கீழே வைத்தாய். "ஆமா மச்சான்."

"பேரு போடல."

"போட்டுட்டு உன் மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

"இப்ப முழிச்சிகினுதான கீற? அன்னிக்கு அழுதப்ப தடவிக் குடுத்தியே, அப்ப முழிச்சிகினுதான இருந்த?"

நீ துணியால் விரல்களைத் துடைத்தாய்.

"ஆறு வாரம் எங்கூட உக்காந்து டீ குடிச்சிகினே என்னை டெஸ்ட் பண்ணியிருக்க. ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா?"

"டாக்டராண்ட போன்னு சொன்னேன்ல?"

"போற போக்குல சொன்ன."

"நேரா சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? போய் எழுதிக் குடுத்திருப்பியா, என்னால ஓட்ட முடியாதுன்னு?"

"குடுத்திருப்பேன்."

"பொய் சொல்லாத மச்சான்." உன் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "ஆயிரம் பேரு ஏறி வராங்க. இன்னும் என்னைப் பேச வெக்காத."

அந்தக் கடைசி வார்த்தையைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். மதிலைத் தாண்டி வந்தவன் பிறகு உன் பக்கம் போகவில்லை.

இரண்டு வருஷம். மல்லிகாவும் உன் மனைவியும் மதிலோரம் பேசிக்கொண்டார்கள், நாம் பேசவில்லை. ஞாயிறு பதினொரு மணிக்கு உன் மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். தனியாகக் கலர் அடித்தாயா, சும்மா உட்கார்ந்திருந்தாயா, தெரியாது. ஒருநாள் நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மதிலோரம் வந்து நின்றாய். "மச்சான், சைடிங்ல கடைசி ஸ்லீப்பரு உடைஞ்சா கீது, முழுசா கீதா? மறந்துட்டேன்" என்றாய். உடைந்துதான் இருக்கும். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

போன வருஷம் ஒருநாள் பட்டறையில் பாதி அடித்த பஸ்ஸுக்குப் பக்கத்தில் மதியம் உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவில்லை. மல்லிகா அலறிக்கொண்டு ஓடினாள். நானும் வந்தேன். தெருமுனையில் ஆண்களோடு நின்றேன். கிட்டே வந்து உன் முகத்தைப் பார்க்கவில்லை. சுடுகாட்டுக்கும் வரவில்லை. அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

உன் மனைவி, மகள் நித்யாவை அழைத்துக்கொண்டு ஐயப்பன்தாங்கலில் தன் அண்ணன் வீட்டுப் பக்கம் போய்விட்டார். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நித்யா இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். மாதம் ஒருமுறை குடித்தனக்காரர்களைப் பார்க்க வருவாள். வந்தால் எங்கள் வீட்டில் டீ குடிக்காமல் போகமாட்டாள். உன்னைப் போலவே பிஸ்கட்டை முக்கித்தான் தின்பாள்.

இரண்டு மாதம் முன்பு அப்படி வந்தவள், மல்லிகா சமையலறையில் இருந்தபோது கேட்டாள். "மாமா, அப்பா ஏன் உங்ககூட பேசல? அம்மாவ கேட்டா சொல்ல மாட்டேங்குது."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரங்கள், கட்டம் போட்ட தாள், பெயர் இல்லாத கடிதம். அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. "அப்பாவா அப்டி பண்ணாரு?" என்றாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குள் ஒரு திருப்தி வந்தது. உன் மகளே என் பக்கம் என்று.

"எந்த வருஷம் மாமா அது?" என்று கேட்டாள்.

"நீ காலேஜ் கடைசி வருஷம்."

"எனக்கு அடிபட்டுதே, அந்த வருஷமா?"

"ஆமா. ஸ்கூட்டிலேருந்து விழுந்தியே."

"ஸ்கூட்டி இல்ல மாமா. ரயிலு." நெற்றிமுடியை ஒதுக்கிக் காட்டினாள். நாலு தையல் தழும்பு. "மழ பேஞ்சுகினு இருந்துச்சு. ஆவடில ஏறி, கதவாண்ட கம்பிய புடிச்சுகினு நின்னேன். அன்னனூர் தாண்டி திடீர்னு ஒரே பிரேக்கு. எல்லாரும் மேல மேல விழுந்தாங்க. எனக்கு கம்பி இடிச்சுது. மாடு குறுக்க வந்துச்சுன்னு சொன்னாங்க. அப்பாகிட்ட சொன்னப்ப, எந்த வண்டி, எத்தன மணின்னு மூணு தடவ கேட்டாரு. அப்புறம், யாராண்டயும் ரயிலுன்னு சொல்லாத, ஸ்கூட்டிலேருந்து விழுந்தேன்னு சொல்லுன்னாரு. காலேஜுக்கு லெட்டர் குடுத்தப்பகூட அப்டிதான் எழுதுனாரு. ஏன்னு இன்ன வரைக்கும் எனக்குத் தெரியல."

எனக்குத் தெரிந்தது, மச்சான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த வண்டியை ஓட்டியவன் நான். எந்த வாரம் எந்த வண்டி என்று உன்னிடம்தான் முதலில் சொல்வேன். முன்கண்ணாடியில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. சிக்னல் ஒரு வெளிச்சக் கறையாகத்தான் தெரிந்தது. மேல் விளக்கா, நடு விளக்கா, அடி விளக்கா, இடம் பிடிபடவில்லை. நிறத்தைக் கண்டுபிடிக்கக் கண் இல்லை. பச்சை என்று வைத்துக்கொண்டு போனேன். அது மஞ்சள். அடுத்தது சிவப்பு. அதற்கப்பால் நின்றுகொண்டிருந்த வண்டியின் கடைசிப் பெட்டி எனக்கு நேராக வந்துகொண்டிருந்தது. முழு பிரேக்கையும் போட்டேன். சிக்னலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. தாண்டாததால் விசாரணை இல்லை. கடைசிப் பெட்டியிலிருந்து ரயில் கார்டு போனில் கேட்டார். மாடு என்றேன்.

அந்த ஞாயிறு நீ என்னிடம் கேட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "செவ்வாக்கெழம வழில எதுனா ஆச்சா மச்சான்?" என்றாய். "ஒண்ணும் இல்லியே, இன்னாத்துக்குக் கேக்குற?" என்றேன். "சும்மா" என்றாய். அதற்கு அடுத்த வாரம் அட்டைப் பெட்டியோடு வந்தாய்.

உன் கடிதத்தில் அந்தக் காலையைப் பற்றி ஒரு வரி இல்லை. தேதியையும் வண்டியையும் எழுதியிருந்தால், மாடு என்ற பொய்யைத் தோண்டியிருப்பார்கள். நாற்காலிகூட மிஞ்சியிருக்காது. நீ பெயிண்டைப் பற்றி மட்டும் எழுதினாய். உன் மாடியில் நின்று நான் கத்தியபோது, உன் மகளின் நெற்றியைக் காட்டி என் வாயை அடைத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

நித்யா டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். உன்னைப் பற்றி அவள் மனதில் நான் போட்டுவிட்ட கறை அப்படியே இருந்திருக்கும், என் டீயை அவள் தொடர்ந்து குடித்திருப்பாள். ஆனால் என்னால் முடியவில்லை.

"நித்யா, அந்த வண்டிய ஓட்டுனது நான்தான். மாடு எதுவும் வரலம்மா."

அவள் நெற்றித் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கண்ணு சரியில்லன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா மாமா?"

"தெரியும்."

டம்ளரை மேஜையில் வைத்தாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மல்லிகா வடையோடு வெளியே வந்தபோது ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

போன மாதம் வந்தாள். குடித்தனக்காரர்களிடம் பேசிவிட்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் வண்டியைத் திருப்பினாள். நான் செருப்புகூடப் போடாமல் போய் அவள் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"நகருங்க மாமா."

நகர்ந்தேன். "அடுத்த மாசம் வருவல்ல?"

"ஊட்ட பாக்க வருவேன்" என்றாள்.

வந்தால் மறுபடியும் போய் நிற்பேன். என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நீ செய்யாததை நான் செய்திருக்கிறேன். பெயரோடு, முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். சொன்னால் ஆள் போய்விடும் என்பது உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. என்னை இழக்கக்கூடாது என்றுதான் பெயர் போடாமல் எழுதினாயோ என்னவோ. இதையெல்லாம் புரிந்துகொள்கிறேன். உன் மகளின் தழும்பைப் பார்த்த கண்ணால் உன்னைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் கோபம் போகவில்லை, மச்சான். நீ என்னைக் கேட்டது ஒரு தடவை. நான் பொய் சொன்னேன். இரண்டாவது தடவை கேட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், உன்னைத் தள்ளியிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். எல்லாம் நிஜம். ஆனாலும் நீ எங்கிட்டதான் சொல்லியிருக்கணும்.